நாற்பது பைட்டு மூன்றான கணக்கு

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் ஒரு கிராமத் தகவல் திட்டத்தைத் தொடங்கியது. நிதி கொடுத்தது கனடாவின் ஐ.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிதி அமைப்பு. திட்டத்தின் மையம் வில்லியனூரில். ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் போன்ற ஊர்களில் கிளைகள். ஏம்பலத்தில் கோயில் வளாகத்துக்குள்ளேயே கணினியை வைத்துப் பெண்கள் மையத்தை நடத்தினார்கள். வில்லியனூருக்கும் கிராமங்களுக்கும் நடுவே விஎச்எஃப் வயர்லெஸ் ஓடியது. பேச்சும் அதிலேதான், கணினித் தரவும் அதிலேதான். வில்லியனூரிலிருந்து வெளி உலகத்துக்குத் தொலைபேசிக் கம்பி. வங்காள விரிகுடாவின் அலை உயரக் கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுப்பார்கள். அது வீராம்பட்டினம் கடற்கரையில் ஒலிபெருக்கியில் கேட்கும். படகை இறக்கலாமா வேண்டாமா என்று மீனவர்கள் முடிவு செய்வார்கள்.

அந்தச் செய்தியின் அளவு என்ன? நாள், இடம், அலை எத்தனை அடி. ஒரு வரிக்குள் அடங்கிவிடும். உயிரைக் காக்கும் செய்திகள் பெரும்பாலும் சின்னவைதான். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஒரு எச்சரிக்கையை, நல்லவாடு என்ற கடலோர ஊரில் இருந்த இதே திட்டத்தின் அறிவு மைய ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊரே கடற்கரையை விட்டு வெளியேறித் தப்பியது.

ஆனால் கணினி வலையில் சின்னச் செய்திக்கு ஒரு தண்டனை உண்டு. செய்தி எவ்வளவு சிறியதானாலும் அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டு போகும் விவரப் பகுதி சிறுக்காது. அதைத்தான் ஹெடர் என்கிறோம். இணையத்தில் எந்தத் தரவும் பாக்கெட்டுகளாக வெட்டப்பட்டுத்தான் போகும். வழக்கமான ஒரு பாக்கெட்டின் தலையில் முகவரியைச் சுமக்கும் ஐபி ஹெடர் 20 பைட்டு, வரிசையையும் ஒப்புதலையும் பார்த்துக்கொள்ளும் டிசிபி ஹெடர் 20 பைட்டு, ஆக 40 பைட்டு. இன்றைய யூனிகோடு முறையில் 'வணக்கம்' என்று எழுதினால் 21 பைட்டு. அதை மட்டும் தனியாக அனுப்பினால் வணக்கத்தைப் போல இரண்டு மடங்கு கனம் அதன் தலையில் இருக்கும்.

அகன்ற ஃபைபரில் இந்த 40 பைட்டை யாரும் கண்டுகொள்வதில்லை, கண்டுகொள்ளவும் வேண்டியதில்லை. 1,500 பைட்டுப் பாக்கெட்டில் அது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. தொலைபேசிக் கம்பியில் மோடம் கட்டிப் பேசிய காலத்தில் நிலைமை வேறு. நம் நாட்டுக் கல்வி நிலையங்களை இணைத்த எர்நெட் 1991 ஜனவரியில் டெல்லிக்கும் மும்பைக்கும் இடையே போட்ட முதல் குத்தகைக் கம்பியின் வேகம் நொடிக்கு 9,600 பிட். இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே அவ்வளவுதான். வீட்டு மோடங்கள் அதிலும் குறைவு, 2,400 பிட் என்பது சாதாரணம்.

அந்த 2,400இல் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடர் இணைப்பில், அதாவது ஒரே கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இணைப்பில், ஒரு பைட்டை அனுப்பத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து 10 பிட் ஆகும். ஆக நொடிக்கு 240 பைட்டு. தூரத்துக் கணினி ஒன்றில் வேலை செய்துகொண்டு விசைப்பலகையில் ஒரே ஒரு எழுத்தைத் தட்டுகிறீர்கள். எழுத்து ஒரு பைட்டு, ஹெடர் 40, மொத்தம் 41. அந்தக் கணினி அதே எழுத்தைத் திருப்பி அனுப்பினால்தான் உங்கள் திரையில் தெரியும். அதற்கு இன்னொரு 41. போகவர 82 பைட்டு, நொடியில் மூன்றில் ஒரு பங்கு. இது கம்பியில் மட்டும் போன நேரம், தூரத்துக் கணினியின் தாமதம் தனி. தட்டிய எழுத்து அப்படித் தயங்கித் தயங்கி வந்தால் யாரும் வேலை செய்ய முடியாது.

இதற்கு வழி சொன்னவர் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த வேன் ஜேக்கப்சன். இணையத்தில் நெரிசல் கட்டுப்பாட்டுக்கு வழி கண்டவரும் அவரே. 1990 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1144 என்ற இணையத் தர ஆவணமாக அவருடைய முறை வெளியானது. 40 பைட்டு ஹெடர் பெரும்பாலும் 3 முதல் 5 பைட்டாகச் சுருங்கியது. தட்டிய எழுத்து போய்வர ஆகும் 82 பைட்டு, சுமார் 10 பைட்டாயிற்று.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சுருக்கம் என்றதும் ஜிப் கோப்பு நினைவுக்கு வருகிறது. படிக்கும் மாணவர்கள் மட்டுமல்ல, துறையில் பல ஆண்டு இருப்பவர்களும் இதை ஜிப்பின் தம்பி என்றே எண்ணுகிறார்கள். ஜிப் ஒரு கோப்புக்குள் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைத் தேடும். தரவு எதைப் பற்றியது என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஜேக்கப்சனின் முறையோ டிசிபியும் ஐபியும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முழுக்க அறிந்தது. ஹெடரின் ஒவ்வொரு பைட்டையும் பார்த்து, 'இது எதிர்முனைக்கு ஏற்கெனவே தெரியுமா?' என்று மட்டுமே கேட்கிறது.

கேட்டுத்தான் பார்ப்போமே. அனுப்புபவரின் முகவரி 4 பைட்டு, பெறுபவரின் முகவரி 4 பைட்டு, இருபுறப் போர்ட் எண்கள் 4 பைட்டு. ஓர் இணைப்பு தொடங்கி முடியும்வரை இவை மாறவே மாறாது. பதிப்பு எண், நெறிமுறை எண், ஆயுள் எண் போன்றவையும் பெரும்பாலும் அப்படியே. இப்படி ஏறக்குறைய 20 பைட்டு கழிகிறது. பாக்கெட்டின் மொத்த நீளத்தைச் சொல்லும் 2 பைட்டு எதற்கு? கம்பியின் இரு முனையிலும் பாக்கெட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும், நீளத்தை எண்ணிக்கொள்ளலாம். ஐபி ஹெடரைச் சரிபார்க்கும் கூட்டுத்தொகை 2 பைட்டு. ஹெடரையே அனுப்பாதபோது அதற்குக் காவல் எதற்கு? எதிர்முனையே கணக்கிட்டுக்கொள்ளும். மீதி 16 பைட்டு.

இந்தப் பதினாறும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை என்பதைக் கவனித்ததில்தான் ஜேக்கப்சனின் கூர்மை இருக்கிறது. ஒரு கோப்பை இறக்கும்போது அனுப்பும் பக்கத்தில் வரிசை எண் ஏறும், பாக்கெட் அடையாள எண் ஒன்று கூடும், வேறு பெரிதாக ஒன்றும் நடக்காது. வரிசை எண் எவ்வளவு ஏறும்? முந்தைய பாக்கெட்டில் எத்தனை பைட்டுத் தரவு போனதோ அவ்வளவே. அதையும் எதிர்முனை தானே கூட்டிக்கொள்ளும். எனவே முழு எண்ணை அனுப்ப வேண்டாம், மாற்றத்தை மட்டும் அனுப்பினால் போதும், அதுவும் பெரும்பாலும் ஒரே பைட்டில் அடங்கும். எவையெவை மாறின என்று காட்ட முன்னால் ஒரு பைட்டு. எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தால் அந்த ஒரு பைட்டும், பின்னால் வரும் டிசிபி கூட்டுத்தொகை 2 பைட்டும்தான். மூன்று.

தினமும் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரிடம் பெயர், தெரு, கதவு எண், அளவு என்று யாரும் ஒப்பிப்பதில்லை. வழக்கம் மாறும் நாளில் மட்டும் 'இன்னைக்கு அரை லிட்டர் கூடப் போடுங்க' என்கிறோம். இரு தரப்பும் ஒன்றையே நினைவில் வைத்திருப்பதால் ஐந்து சொல்லில் காரியம் முடிகிறது. ஹெடர் சுருக்கமும் அதேதான். கம்பியின் இரு முனையிலும் கடைசியாகப் போன முழு ஹெடரின் நகல் இருக்கும். ஒரே கம்பியில் போவதால் பாக்கெட்டுகள் வரிசை மாறாமல் வந்து சேரும். அதனால்தான் 'முன்னதைவிட இவ்வளவு கூட' என்ற பேச்சுக்கே பொருள் உண்டு.

சரி, நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்துபோனால்? இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் தகும். 'நேற்றையவிட அரை லிட்டர் கூட' என்ற சொல் ஒரு நாள் காதில் விழாவிட்டால் அடுத்தடுத்த நாள் கணக்கெல்லாம் பிசகும். கம்பியிலும் அப்படியே. ஒரு மாற்றம் தொலைந்தால் எதிர்முனை வைத்திருக்கும் நகல் தவறு, அதன்மேல் கூட்டும் எல்லாம் தவறு. முகவரி சரியாக இருக்கும், வரிசை எண் தப்பாக இருக்கும். தரவு தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தால் கோப்பு கெட்டுவிடும், கெட்டது யாருக்கும் தெரியாது.

அதைத் தடுக்கத்தான் டிசிபி கூட்டுத்தொகையின் 2 பைட்டை ஜேக்கப்சன் தொடவே இல்லை. மூன்று பைட்டில் இரண்டு அதற்கே போகிறது என்றாலும், சுருக்காமல், மாற்றாமல், கிளம்பிய கணினி எழுதியபடியே கடைசிவரை போகும். தவறாக விரிக்கப்பட்ட பாக்கெட், சேர வேண்டிய கணினியில் கூட்டுத்தொகை ஒத்துப்போகாமல் கழித்துக்கட்டப்படும். ஒப்புதல் வராததைக் கண்டு அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். மீண்டும் அனுப்பும்போது வரிசை எண் பின்னோக்கிப் போகும். அது வழக்கத்துக்கு மாறானது என்பதால் சுருக்கும் முனை அந்தப் பாக்கெட்டை முழு ஹெடரோடு அனுப்பிவிடும். இரு முனை நினைவும் மறுபடி ஒன்றாகிவிடும். 'தவறிவிட்டது, திரும்பச் சொல்' என்று இரு முனையும் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டியதே இல்லை. டிசிபியிடம் ஏற்கெனவே இருக்கும் பொறுமையே போதும். பொறியியலில் இவ்வளவு சிக்கனமான ஏற்பாடுகளை நான் அதிகம் கண்டதில்லை. எதைக் குறைக்கலாம் என்பதோடு எதைக் குறைக்கக் கூடாது என்பதும் இதை வகுத்தவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு கேள்வியும் வரும். முகவரியே இல்லாத பாக்கெட்டை இணையம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கும்? கொண்டுபோகாது. சுருக்கம் அந்த ஒரே கம்பிக்குள் மட்டும்தான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டிலிருந்து இணையச் சேவை நிறுவனத்தின் மோடம்வரை 3 பைட்டு. அங்கே 40 பைட்டாக விரிந்த பிறகே வெளியே கிளம்பும். அதற்கு அப்பால் பாக்கெட்டுகளை வழியனுப்பும் எந்த ரூட்டருக்கும் இங்கே சுருக்கம் நடந்தது தெரியாது. உலகத்தில் யாரும் எதையும் மாற்றாமல் இரண்டே முனைகள் ஒத்துக்கொண்டால் போதும் என்பதால்தான் இது வேகமாகப் பரவியது.

ஒவ்வொரு பாக்கெட்டும் முழு முகவரியைச் சுமப்பது ஏன் என்பதற்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக் கதை இருக்கிறது, புதுச்சேரியில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1970களின் தொடக்கத்தில் லூயி பூசான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சிக்லாட் என்ற கணினி வலையைக் கட்டினார். நடுவில் இருக்கும் வலை எதையும் நினைவில் வைக்க வேண்டாம், ஒவ்வொரு பாக்கெட்டும் தன்னந்தனியாகத் தன் முகவரியோடு போகட்டும், ஒழுங்கை இரு முனைக் கணினிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய கொள்கை. டிசிபி/ஐபியை வகுத்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிரான்சின் தொலைபேசித் துறை அதை ஏற்கவில்லை. 1978இல் அது திறந்த டிரான்ஸ்பாக் வலையில் முகவரியை ஒரு முறை சொன்னால் போதும், பிறகு ஒரு சிறிய எண்ணே அடையாளம், நடுவழி முழுக்க வலையே நினைவு வைத்துக்கொள்ளும். அதில் ஹெடர் சிறியது, ஆனால் நடுவில் ஒரு கருவி நினைவிழந்தால் இணைப்பே போய்விடும். ஹெடர் சுருக்கம் இந்த இரண்டையும் சமாதானப்படுத்துகிறது. பெருவலை பூசான் சொன்னபடி மறதியாகவே இருக்கட்டும், மெல்லிய கம்பி ஒன்றில் மட்டும் இரு முனைகள் நினைவு வைத்துக்கொள்ளட்டும்.

ஹெடர் சுருக்கத்தால் கிடைத்தது சில பைட்டு மிச்சம் மட்டும் அல்ல. 1995 ஆகஸ்ட் 15 அன்று தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது இரண்டு வகைக் கணக்குகள் இருந்தன. மாணவர்கள் ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டி வாங்கிய ஷெல் கணக்கில் அவர்களுடைய கணினி வெறும் எழுத்துத் திரை; இணையத்தில் இருந்தது வி.எஸ்.என்.எல். கணினிதான். 15,000 ரூபாய் டிசிபி/ஐபி கணக்கில்தான் வீட்டுக் கணினியே ஐபி முகவரியோடு இணையத்தில் ஒரு முழு உறுப்பினராக இருந்தது. மெல்லிய கம்பியின் கடைசியில் இருப்பவரும் இரவல் திரையில் எட்டிப் பார்க்காமல் முழு உறுப்பினராக இருக்க முடியும் என்பதைத் தாங்கக்கூடிய வேகத்தில் காட்டிய முறைகளில் ஹெடர் சுருக்கம் முக்கியமானது. விண்டோஸ் 95இல் டயல்-அப் இணைப்பின் டிசிபி/ஐபி அமைப்பைத் திறந்தால் கீழே 'யூஸ் ஐபி ஹெடர் கம்ப்ரெஷன்' என்று ஒரு கட்டம் டிக் போட்டபடி இருக்கும். பலரும் என்னவென்று தெரியாமல் அப்படியே விட்டார்கள். விட்டது நல்லதுதான்.

எங்கே இது பயன்படாது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு ஃபைபரில் வீடியோ நின்று நின்று ஓடினால் காரணம் ஹெடர் அல்ல. சிக்னல் மோசமாக இருந்தால் இது அதைச் சரிசெய்யாது, ஜேக்கப்சன் முறையோ இரைச்சலில் இன்னும் தடுமாறும். ஒரு பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்பும்வரை வந்ததெல்லாம் வீணாவதால், அடிக்கடி தொலைக்கும் வானொலி இணைப்புக்கு அது பொருந்தவில்லை.

அதற்காகவே 2001இல் ஆர்எஃப்சி 3095ஆக ரோக் என்ற முறை வந்தது. முந்தைய பாக்கெட் ஒன்றை மட்டும் நம்பாமல், முன்பு வந்த பலவற்றில் எது கையில் இருந்தாலும் விரிக்கக்கூடிய விதத்தில் எண்களின் கடைசி பிட்டுகளை அனுப்பும். விரித்தது சரிதானா என்று அந்த முனையிலேயே சோதித்துக்கொள்ளும். பழைய கதை என்று இதையும் தள்ளிவிட முடியாது. 4ஜி வலையில் வோல்ட்டி எனப்படும் குரல் அழைப்பு நடக்கும்போது பேச்சு 20 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட்டாக, நொடிக்கு 50 பாக்கெட்டாகப் போகிறது. வழக்கமான ஒரு குரல் முறையில் ஒரு பாக்கெட்டில் பேச்சு 32 பைட்டு. அதன் தலையில் ஐபி, யுடிபி, ஆர்டிபி என்று மூன்று ஹெடர் சேர்ந்து 40 பைட்டு, ஐபி ஆறாம் பதிப்பானால் 60. பேசுகிறவரின் குரலைவிட ஹெடரின் சுமை அதிகம். ரோக் அதைச் சில பைட்டு அளவுக்குக் கொண்டுவருகிறது. உலகக் கைப்பேசி நிறுவனங்கள் வோல்ட்டிக்கென ஒத்துக்கொண்ட விதிகளில் ரோக் ஒரு கட்டாய அம்சம்.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது ஏரிகள். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி உட்பட 84 ஏரிகளைச் சொல்வது வழக்கம். ஏரி நீர்மட்டத்தையும் நிலத்தடி நீரின் உப்பையும் அளக்கும் கருவிகளுக்கு அகன்ற இணைப்பு தேவையில்லை. சிறு பேட்டரியில் பல ஆண்டு ஓடி, மணிக்கு ஒரு எண்ணை அனுப்பினால் போதும். இதற்குப் பொருத்தமான லோரா வகை வானொலி, இந்தியாவில் உரிமக் கட்டணம் இல்லாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அதன் மிக மெதுவான, மிகத் தொலைவு போகும் நிலையில் ஒரு முறைக்கு 51 பைட்டுதான் அனுப்பலாம். ஐபி ஆறாம் பதிப்பின் ஹெடர் 40 பைட்டு, யுடிபி 8 பைட்டு. நீர்மட்டத்துக்கு மிஞ்சுவது 3 பைட்டு.

இதைப் பார்த்துத்தான் பல நிறுவனங்கள் ஐபியையே கைவிடுகின்றன. கருவி தன் சொந்த வடிவத்தில் சில பைட்டுகளை அனுப்பும். அது விற்ற நிறுவனத்தின் சர்வருக்கு மட்டுமே புரியும். ஏரி நம்முடையது, கருவி அரசுப் பணத்தில் வாங்கியது, அளவை மட்டும் இன்னொருவர் கதவைத் தட்டித்தான் பெற வேண்டும். ஷெல் கணக்கின் நிலைமை மறுபடியும் வந்து நிற்கிறது. இதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் வழி இருக்கிறது. பிரான்சின் ரென் நகரில் உள்ள ஐ.எம்.டி. அட்லாண்டிக்கைச் சேர்ந்த லொரான் தூத்தேனும் அனா மினாபுரோ உள்ளிட்ட பிறரும் வகுத்த ஷிக் என்ற முறை 2020இல் ஆர்எஃப்சி 8724ஆக வெளியானது. லோரா வானொலியில் இயங்கும் லோராவான் வலைக்கான பிரிவு 2021இல் ஆர்எஃப்சி 9011ஆக வந்தது. ஏரிக்கரைக் கருவி யாரிடம், எந்தப் போர்ட்டில், என்ன பேசும் என்பது பொருத்தும் நாளிலேயே தெரியும். எனவே முதல் முழு ஹெடரைக்கூட அனுப்ப வேண்டாம். இரு முனையிலும் விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். ஹெடருக்குப் பதிலாக வானொலியில் போவது விதியின் எண்ணும், விதி சொல்லாத ஒன்றிரண்டு பிட்டும் மட்டும். எதிர்முனையில் அது முறையான ஐபி பாக்கெட்டாக விரிந்து, நீர்வளத் துறை எந்தச் சர்வரைச் சொல்கிறதோ அங்கே நேராகப் போகும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே எண்ண வேண்டும். இங்கே நினைவு முழுக்க அந்த விதிகளில் இருக்கிறது. விதிப் பட்டியல் நிறுவனத்தின் கையில் மட்டும் இருந்தால், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் வானொலியில் வரும் பைட்டுகளை விரிக்க ஆளில்லை. எல்லோரும் படிக்கக்கூடிய பொது வடிவத்தில் விதிகளை எழுதும் முறையையும் 2023இல் ஆர்எஃப்சி 9363 கொடுத்துவிட்டது. ஆகவே நீர்மட்டக் கருவிக்கு டெண்டர் எழுதும் அலுவலகம் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: கருவி ஐபி பேச வேண்டும், ஹெடர் திறந்த தரத்தின்படி சுருக்கப்பட வேண்டும், விதிக் கோப்பின் முழுப் பிரதி துறையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். மூன்றாவது டெண்டரில் ஒரு வரிதான். விட்டுப்போவதும் பெரும்பாலும் அந்த வரிதான்.